பூனைக்குக் கருத்தடை ஆபரேஷன்: வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு வாரம்

பெண் பூனைக்குக் கருத்தடை செய்வது டாக்டருக்கு அரை மணி நேர வேலை. வீட்டில் இருப்பவர்களுக்கு அது இரண்டு வார வேலை. மயக்கம் தெளியாமல் தள்ளாடும் முதல் ராத்திரியைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் தையல் பிரிந்தது, காயம் வீங்கியது என்று மறுபடி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவது பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில்தான். மூன்றாம் நாள் பூனைக்கு வலி குறைந்துவிடும், பசி திரும்பிவிடும், பீரோ மேல் ஏறத் தோன்றும். உள்ளே வயிற்றுத் தசை இன்னும் ஒட்டியிருக்காது. முதல் நாலைந்து நாள் அதைப் பிடித்துக்கொண்டிருப்பது நூல் மட்டும்தான். பூனை தேறிவிட்டது என்று வீடு அசந்து போகும் நேரத்தில்தான் காயம் மிகவும் பலவீனமாக இருக்கிறது.

வயது பற்றி ஒரு வார்த்தை. 4 மாதத்திலேயே சில குட்டிகள் ஹீட்டுக்கு, அதாவது இணை தேடும் பருவத்துக்கு, வந்துவிடும். தரையில் உருண்டு, பின்பக்கத்தைத் தூக்கி, ராத்திரி முழுக்கக் கத்தும். சினைக்காலம் 63 முதல் 65 நாள் வரைதான் என்பதால், ஒரு கடுவன் ஜன்னல் வழியாக வந்து போனால் இரண்டு மாதத்தில் நாலு குட்டி. "ஒரு தடவை குட்டி போடட்டும், அப்புறம் பண்ணிக்கலாம்" என்று பெரியவர்கள் சொல்வதில் பூனைக்கு எந்த லாபமும் இல்லை. 6 மாதத்துக்கு முன்பே செய்தால் பின்னாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 91 சதவீதம் வரை குறைகிறது. கர்ப்பப்பையில் சீழ் கட்டும் நோயும் வராது.

பின்னால் வரும் தொல்லைகளில் பாதியை ஆபரேஷனுக்கு முன்பே தவிர்த்துவிடலாம். முதலாவது தடுப்பூசி. மருத்துவமனைக்குப் போய் வந்த நாலைந்து நாளில் குட்டி சாப்பிடாமல் படுத்து, மஞ்சளாக வாந்தி எடுத்து, காய்ச்சல் கண்டால் பழி ஆபரேஷன் மேல் விழும். ஆனால் தடுப்பூசி போடாத குட்டியில் அது பான்லுகோபீனியா என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அந்த வைரஸ் உடம்புக்குள் போய் 2 முதல் 10 நாளுக்குள் வேலையைக் காட்டும். நோய்ப் பூனைகள் வந்து போகும் இடத்தில் அது ஒட்டிக்கொள்வது சுலபம். இந்த நோயையும் தடுக்கும் ட்ரைகேட் ஊசி இரண்டு தவணையும் முடிந்து இரண்டு வாரமாவது கழித்துக் கொண்டுபோவதுதான் நல்லது.

இரண்டாவது பட்டினி. மனிதர்களுக்குச் சொல்வதைப் போல முந்தின நாள் ராத்திரி எட்டு மணியிலிருந்தே தட்டை எடுத்துவிடுகிறார்கள். வளர்ந்த பூனைக்கு 6 முதல் 8 மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு. 4 மாதக் குட்டிக்கு 4 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. சின்ன உடம்பில் சர்க்கரை சீக்கிரம் இறங்கிவிடும், மயக்கம் தெளிவதும் தாமதமாகும். தண்ணீரைக் கிளம்பும் வரை எடுக்க வேண்டியதில்லை. எத்தனை மணி நேரம் என்பதை ஆபரேஷன் செய்யும் டாக்டரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேதி குறிக்கும்போது தீபாவளி வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். வெடிச் சத்தத்துக்குப் பயந்து குதிக்கும் பூனைக்கு எந்தத் தையலும் தாங்காது.

ஆபரேஷன் முடிந்து பூனையைக் கூடையோடு திருப்பி வாங்கும்போது அவசரப்பட்டுக் கிளம்பாமல் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வெட்டு வயிற்றின் நடுவிலா, விலாவுக்குக் கீழே பக்கவாட்டிலா? வெளித்தையல் தானாகக் கரையுமா, பிரிக்க வர வேண்டுமா? வலி ஊசி எத்தனை மணிக்குப் போட்டார்கள், அடுத்த டோஸ் எப்போது? ஆன்டிபயாடிக் ஊசியாகவே கொடுத்துவிட்டார்களா, மாத்திரை உண்டா? ராத்திரி ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது? சென்னையில் பூனை வளர்ப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவமனை தெரிந்திருக்கும். மற்ற ஊர்களில் ராத்திரியில் யார் கதவைத் திறப்பார்கள் என்பதை ஆபரேஷனுக்கு முந்தின வாரமே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

முதல் ராத்திரிக்கு வீட்டிலேயே சின்ன அறையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கட்டில், சோபா, அலமாரி இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. பாத்ரூமையே காயவைத்துத் துணி விரித்துக் கொடுத்தாலும் தப்பில்லை. படுக்கை தரையில்தான் இருக்க வேண்டும். மயக்கத்தில் இருக்கும் பூனைக்குத் தூரம் தெரியாது, கட்டிலிலிருந்து காலை எடுத்து வைத்து அப்படியே விழும். வெளிச்சம் மங்கலாக இருக்கட்டும். ஃபேனை மெதுவாக வையுங்கள், ஏசி வேண்டாம். சித்திரை வெயிலில் கூட இது பொருந்தும். மயக்க மருந்து உடம்புச் சூட்டைக் காக்கும் சக்தியைக் குறைத்துவிடும், வயிற்று முடியையும் மழித்திருப்பார்கள், கீழே குளிர்ந்த டைல்ஸ் வேறு. காதும் பாதமும் சில்லென்று இருந்தால், கை பொறுக்கும் சூட்டில் தண்ணீரை பாட்டிலில் நிரப்பி, தடித்த டவலில் சுற்றி முதுகுப் பக்கம் வையுங்கள். கொதிநீர் கூடாது, சுட்டாலும் நகர்ந்து படுக்கத் தெரியாத நிலையில் அது இருக்கிறது.

பார்க்கப் பயமாக இருந்தாலும் இயல்பான விஷயங்கள் சில உண்டு. கெட்டமின் வகை மயக்க மருந்து போட்டிருந்தால் கண் திறந்தபடியே இருக்கும், கருமணி பெரிதாக விரிந்திருக்கும், தலை இடமும் வலமும் ஆடும். கண்ணின் உள்மூலையிலிருந்து வெள்ளைச் சவ்வு பாதி மூடியிருக்கும். ஒருமுறை வாந்தி வரலாம். படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்விடலாம். தொண்டையில் குழாய் விட்டிருந்தால் ஒன்றிரண்டு நாள் இருமும். செல்லக் குட்டி என்று முகத்தருகே குனிந்தால் சீறிக் கடிக்கவும் கூடும், அதற்கு அப்போது யார் என்று தெரியாது. இருமலைத் தவிர மற்றவையெல்லாம் 12 முதல் 24 மணி நேரத்தில் தெளிந்துவிடும்.

இயல்பில்லாதது உள்ளே ரத்தம் கசிவது. அபூர்வம்தான், ஆனால் நடந்தால் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில்தான் நடக்கும். அதைக் காட்டிக் கொடுப்பது ஈறு. உதட்டை லேசாகத் தூக்கிப் பாருங்கள், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். ஈறு காகிதம் போல வெளுத்திருக்கிறது, மூச்சு வேகமாக வாங்குகிறது, வயிறு உப்புகிறது, முன்பு தலை தூக்கிய பூனை மறுபடி துவண்டு போகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆபரேஷனுக்கு முந்தின நாளே ஈறைப் பார்த்து வைத்துக்கொண்டால் ஒப்பிடச் சுலபம். சில பூனைகளுக்கு ஈறில் கறுப்புத் திட்டுகள் பிறவியிலேயே இருக்கும்.

எழுந்து நாலு அடி தடுமாறாமல் நடந்த பிறகே சாப்பாடு. அதற்கு முன் பால், தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். முதல் தடவை வழக்கத்தில் கால் பங்கு போதும். உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்த கோழியைப் பிய்த்து, அந்த வெந்த தண்ணீரோடு இரண்டு டீஸ்பூன் வையுங்கள். வாந்தி வரவில்லையென்றால் இரண்டு மணி நேரம் கழித்து இன்னும் கொஞ்சம். பசும்பால் வேண்டாம். பல பூனைகளுக்கு அது வயிற்றுப்போக்கை உண்டாக்கும், இந்த நேரத்தில் முக்குவது தையலுக்கு நல்லதல்ல. மறுநாள் சாயங்காலம் வரை ஒரு வாய் கூடச் சாப்பிடவில்லை என்றால் போன் செய்யுங்கள்.

தட்டைத் தேடி எறும்பு வரும், அரை மயக்கத்தில் படுத்திருக்கும் பூனையையும் காயத்தையும் தேடியும் வரும். எறும்பு சாக்பீஸால் கோடு போடுவது நம் வீடுகளில் கை பழகிய வேலை. அந்த சாக்பீஸில் இருக்கும் பைரித்ராய்டு பூச்சிமருந்து பூனைகளுக்கு ஆகாது. நடந்து காலில் ஒட்டி, காலை நக்கி, நடுக்கத்தில் கொண்டுபோய் விடும். சாப்பாட்டுக் கிண்ணத்தைத் தண்ணீர் ஊற்றிய தட்டில் வைத்தாலே போதும்.

மலம் இரண்டு மூன்று நாள் வராது. பட்டினி, மயக்க மருந்து, குறைந்த சாப்பாடு எல்லாம் சேர்ந்து அப்படி ஆகும். அதற்காக விளக்கெண்ணெயைச் சங்கில் ஊற்ற வேண்டாம். புரையேறினால் எண்ணெய் நுரையீரலில் தங்கி வேறு நோயாகிவிடும். சிறுநீர் மட்டும் 24 மணி நேரத்துக்குள் போயாக வேண்டும். பூனை மலமும் சிறுநீரும் கழிக்கும் தட்டில் மண்ணுக்குப் பதிலாக ஒரு வாரத்துக்குக் கிழித்த செய்தித்தாளைப் போடுங்கள், மண்ணும் தூளும் காயத்தில் ஒட்டாது.

இனி வலி மருந்து. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் அது இதுவாக இருக்கட்டும்: பூனைக்குப் பாராசிட்டமால் விஷம். குழந்தைக்கு வைத்திருக்கும் சிரப்பும் அதுதான், தலைவலிக்குப் போடும் மாத்திரையும் அதுதான். அதைச் சிதைத்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகும், ஈறு சாக்லேட் நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும். 500 மி.கி. மாத்திரை ஒன்று போதும் ஒரு பூனையைக் கொல்ல. தெரியாமல் கொடுத்துவிட்டால் அறிகுறிக்குக் காத்திராமல் உடனே ஓட வேண்டும். விஷத்தை முறிக்கும் மருந்து உண்டு, நேரம்தான் முக்கியம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதுவும் கூடாது. டாக்டர் மெலாக்சிகாம் என்ற வலி மருந்தை எழுதிக் கொடுத்தால் பாட்டிலைப் பாருங்கள். நாய்க்கான சிரப் பொதுவாக ஒரு மில்லியில் 1.5 மி.கி., பூனைக்கானது 0.5 மி.கி. கடைக்காரர் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைத் தந்தால் அதே அளவு மூன்று மடங்கு டோஸாகிவிடும். குட்டி சாப்பிடாமலோ வாந்தியோடோ இருக்கும் நாளில் இதைக் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூனை வலியைக் கத்திக் காட்டாது. முதுகைக் கூனி உட்காரும், கண்ணைப் பாதி இடுக்கும், காது பக்கவாட்டில் திரும்பும், தன்னைச் சுத்தம் செய்துகொள்வதை நிறுத்திவிடும், கட்டிலுக்கடியில் போய் ஒண்டும். தடவினால் குர்குர் என்கிறதே, நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம். வலியிலும் பூனை அப்படி ஒலி எழுப்பும்.

மாத்திரை கொடுத்ததும் வாயில் நுரை தள்ளினால் பதற வேண்டாம், கசப்புக்குப் பெரும்பாலான பூனைகள் அப்படித்தான் செய்யும். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் எழுதியிருந்தால் மட்டும் கவனம் தேவை. அந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டி நின்றால் அங்கே புண்ணாகிக் குழாயே சுருங்கிவிடும். ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீரைக் கடைவாய் ஓரமாக மெதுவாக விடுங்கள், அல்லது கையோடு ஒரு வாய் சாப்பாடு கொடுங்கள்.

காயத்தைக் காலையும் மாலையும் ஒரே வெளிச்சத்தில் பாருங்கள், தினமும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். "நேற்றைவிட வீக்கமா?" என்று டாக்டர் கேட்டால் படத்தைக் காட்டிவிடலாம். முதல் இரண்டு நாள் ஓரத்தில் லேசான சிவப்பு, மிகக் குறைந்த வீக்கம், ஒன்றிரண்டு துளி காய்ந்த ரத்தம் இருக்கலாம். நாலைந்து நாள் கழித்துத் தையலுக்கு அடியில் பட்டாணி போல, சில சமயம் அதைவிடப் பெரிதாக, கெட்டியான ஒரு முடிச்சு தென்படும். கரையும் நூலை உடம்பு கரைக்கும்போது வரும் வீக்கம் அது. வலிக்காது, சூடு இருக்காது, சில வாரத்தில் தானாக மறையும். அதே இடத்தில் மெத்தென்று தண்ணீர் நிறைந்ததாகத் தளும்பினால், குட்டி அதிகமாகத் துள்ளியதால் நிணநீர் சேர்ந்திருக்கிறது என்று பொருள்; அதை நீங்கள் அழுத்தி வெளியேற்றக் கூடாது. அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப வரும் வீக்கம் என்றால் உள்தையல் விட்டிருக்கலாம், அன்றே காட்ட வேண்டும். சீழ், நாற்றம், தோல் வாய் பிளப்பது, 103.5 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டும் சூடு ஆகியவையும் அதே நாள் வேலை. பூனையின் இயல்பான சூடே 100.5 முதல் 102.5 வரை இருக்கும், அதனால் கையால் தொட்டுக் காய்ச்சல் என்று சொல்லாதீர்கள். வயிற்றுக்குள் இருப்பது வெளியே தெரிந்தால், சுத்தமான துணியைக் காய்ச்சி ஆறிய நீரில் நனைத்து மூடி, நக்கவிடாமல் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள். உள்ளே தள்ள முயல வேண்டாம்.

காயத்தில் எதையும் பூச வேண்டியதில்லை. மஞ்சள், தேங்காய் எண்ணெய், வேப்பிலை அரைப்பு எல்லாம் நல்லெண்ணத்தில்தான் வருகின்றன. ஆனால் பூசியதைப் பூனை நக்கும், நக்க நக்கத் தையல் தளரும். டெட்டால் கூடவே கூடாது, அதுவும் பூனைக்கு விஷம். அந்த அறையை ஃபினாயில் ஊற்றித் துடைப்பதையும் இந்த நாட்களில் நிறுத்துங்கள். மாட்டுக்கும் நாய்க்கும் அடிக்கும் ஈ விரட்டும் ஸ்பிரேயை டாக்டர் சொல்லாமல் அடிக்காதீர்கள். ஈ உட்காராமலிருக்க ஜன்னலுக்கு வலை போதும். குளியல் தையல் பிரிக்கும் வரை கிடையாது.

நக்குவதுதான் மிகப் பெரிய எதிரி. பூனை நாக்கில் பின்நோக்கி வளைந்த முட்கள் உண்டு, பத்து நிமிடம் கவனிக்காமல் விட்டால் ஒரு தையலை அவிழ்த்துவிடும். அதனால் நக்கவிடாமல் கழுத்தில் மாட்டும் புனல் வடிவக் கோனை "பாவமாக இருக்கிறது" என்று கழற்றாதீர்கள். கோன் மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீண்டிருக்க வேண்டும், கழுத்தில் ஒரு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால் ராத்திரியில் முன்காலை உள்ளே விட்டு மாட்டிக்கொள்ளும். போட்டதும் பின்னாலேயே நடப்பது, சுவரில் இடிப்பது, சிலைபோல் உட்காருவது எல்லாம் ஒரு நாளில் பழகிவிடும். சாப்பிடும்போது மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து கழற்றி, முடிந்ததும் மாட்டுங்கள்.

கோன் சுத்தமாக ஒத்துவராத பூனைக்குத் துணிச்சட்டை. குழந்தையின் பழைய லெக்கிங்ஸ் காலை வெட்டி, கழுத்தடியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம் பார்த்து, முன்கால்களுக்கு இரண்டு, பின்கால்களுக்கு இரண்டு ஓட்டை போட்டால் சட்டை தயார். வாலுக்குக் கீழே துணி வரக் கூடாது, சிறுநீரில் நனைந்தால் காயம் ஊறிவிடும். நனைந்தால் உடனே மாற்ற இரண்டாவது சட்டை கையில் இருக்கட்டும். போட்டதும் சில பூனைகள் பொத்தென்று சாய்ந்து விழும். கால் விளங்காமல் போய்விட்டது என்று அலற வேண்டாம், உடம்பை எதுவோ பிடித்திருக்கிறது என்ற எரிச்சல்தான் அது. சட்டையைத் தூக்கிக் காயத்தைப் பார்ப்பதை மறந்துவிடுவதுதான் இதில் வழக்கமான தவறு.

குதிப்பதைத் தடுக்க அறிவுரை பயன்படாது, அறைதான் பயன்படும். 10 முதல் 14 நாள் வரை ஏற உயரமில்லாத அறை, அல்லது நின்று திரும்பும் அளவுள்ள பெரிய கூண்டு. பந்து, இறகுக் குச்சி, லேசர் விளக்கு எல்லாம் அலமாரிக்குள். சாப்பாட்டைச் சின்னச் சின்னப் பங்காகத் துணி மடிப்பில் ஒளித்து வைத்தால் மோப்பம் பிடித்துத் தேடுவதிலேயே கொஞ்சம் களைத்துப் போகும். தூக்கும்போது அக்குளில் கைவிட்டுத் தொங்கவிடாமல், மார்புக்கு ஒரு கை, பின்பக்கத்துக்கு ஒரு கை.

"தெருப் பூனையை ஓரிரு நாளில் விட்டுவிடுகிறார்களே, வீட்டுப் பூனைக்கு எதற்கு இத்தனை?" என்று கேட்பவர்கள் உண்டு. தெருப் பூனைகளுக்குப் பல இடங்களில் பக்கவாட்டில் சின்ன வெட்டாகப் போட்டு, கரையும் நூலால் தோலுக்கடியில் தைத்து, காது நுனியை நறுக்கி அடையாளமிட்டு விடுகிறார்கள். காயம் பக்கவாட்டில் இருந்தால் தூரத்திலிருந்தே பார்க்கலாம் என்பதும் ஒரு காரணம். பயந்த தெருப் பூனை எங்காவது ஒண்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். சொகுசில் வளர்ந்த ஆறு மாதக் குட்டி அப்படிக் கிடக்காது. தவிர, தெருவில் தையல் பிரிந்தவை நம் கண்ணில் படுவதில்லை.

வீட்டில் இன்னொரு பூனை இருந்தால், திரும்பி வந்தவளைப் பார்த்து அது சீறும். கூடப் பிறந்ததாக இருந்தாலும் சீறும். மருந்து வாசனையில் ஆளை அடையாளம் தெரியவில்லை. ஒரு நாள் தனியறை, பிறகு இரண்டின் படுக்கைத் துணியையும் மாற்றிப் போடுவது, அதன்பின் கண் முன்னால் சந்திக்க விடுவது என்று போனால் சண்டையில்லாமல் முடியும்.

வெளித்தையல் இருந்தால் 10 முதல் 14 நாளுக்குள் பிரிப்பார்கள். வீட்டில் கத்தரிக்கோலால் வேண்டாம். மழித்த முடி முழுதாக வளர இரண்டு மூன்று மாதமாகும். சயாமீஸ் ரகமானால் அந்த இடத்தில் முடி கறுத்து முளைக்கும். குளிர்ந்த தோலில் நிறம் கூடும் இனம் அது. அடுத்த முறை முடி உதிர்ந்து முளைக்கையில் பழைய நிறம் வந்துவிடும்.

அடுத்த மாதங்களில் பார்க்க வேண்டியது எடை. கருப்பையும் சூலகமும் போனபின் உடம்புக்குத் தேவையான சக்தி கால் பங்கு வரை குறையும், பசியோ கூடும். அதே சமயம் குட்டி இன்னும் வளர்கிறது, அதனால் பட்டினி போடவும் முடியாது. 10-12 மாதம் வரை குட்டிகளுக்கான உணவையே தொடர்ந்து, அளந்து வையுங்கள். நாள் முழுக்கத் தட்டை நிறைத்து வைக்கும் பழக்கத்தை இங்கேயே விட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூனையைத் தூக்கிக்கொண்டு எடை பார்த்து, உங்கள் எடையைக் கழியுங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், விரலுக்குத் தட்டுப்பட வேண்டும்.

ஹீட்டில் இருக்கும்போதே ஆபரேஷன் நடந்திருந்தால் சில நாள் வரை கத்தல் தொடரலாம். ரத்தத்தில் மிச்சமுள்ள ஹார்மோன் வடியும் வரைதான். மாதங்கள் கழித்து மறுபடி உருண்டு கத்த ஆரம்பித்தால் அது வேறு. சூலகத்தின் சிறு துண்டு உள்ளே தங்கியிருக்கக் கூடும். அப்போது கத்தலையும் உருள்வதையும் வீடியோ எடுத்துக்கொண்டு, அது ஓய்வதற்கு முன்பே டாக்டரிடம் போக வேண்டும். ஹீட்டில் இருக்கும் நாட்களில் எடுக்கும் சோதனைதான் அந்தத் துண்டைக் காட்டிக் கொடுக்கும்; ஓய்ந்த பிறகு போனால் அடுத்த ஹீட்டுக்காகக் காத்திருக்க வேண்டி வரும்.